தெரியாதவனுக்குக் கட்டிய வினை

அரபியா, மெயின் சப்ஜெக்டா என்று
லிஃப்டில் கேட்பவர்கள், தளம் வருவதற்குள்
மூன்று கேள்வி முடித்துவிடுகிறார்கள்:
மதம் மாறிவிட்டாயா,
மார்க் குறைவா,
இதைப் படித்தால் எந்த ஆபீஸில் எடுப்பார்கள்.
மூன்றாம் தளம். இறங்கிவிடுகிறேன்.

ஷார்ஜாவில் என் வகுப்பில் இருபத்தாறு பெண்கள்.
மைத்தா என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவாள்.
அவளுக்கும் இந்த இலக்கணம் அயல்தான்;
சொல்லின் வாலில் உயிர்க்குறி தொங்கவிட்டு
யாரும் வீட்டில் சோறு கேட்பதில்லை.
எனக்கு ஐன் இன்னும் தொண்டையில் இறங்கவில்லை.
முள் சிக்கியவள் போல முயல்கிறேன்.

பிப்ரவரியில் ஒருநாள்
டாக்டர் இஜ்லால் பலகையில் இரண்டு சொல் எழுதினார்.
செய்தவன் தெரிந்த வினை, மஅலூம்.
செய்தவன் தெரியாத வினை, மஜ்ஹூல்;
தெரியாதவனுக்காகக் கட்டப்பட்டது என்று அதற்குப் பொருள்.
செய்தவன் நழுவிவிட்டால்
பட்டவன் எழுந்துபோய் அவன் நாற்காலியில் உட்கார வேண்டும்.
அடித்தவனுக்கு, அடி வாங்கியவனே பிரதிநிதி.
வகுப்பு சிரித்தது.

மாலூம் எனக்கு நாலு வயதுச் சொல்.
பேருந்தில், மளிகையில், மருத்துவமனை வரிசையில்
எல்லா ஊர்க்காரரும் எல்லா ஊர்க்காரரிடமும் சொல்வது:
மாஃபி மாலூம்.
எனக்கு ஒன்றும் தெரியாது, என்னை விடுங்கள்.
அதற்குள் இத்தனை இலக்கணம் இருந்தது
மாஃபி மாலூம்.

அப்பாவுக்கு ரோலாவில் டைப்பிங் சென்டர்.
இருபத்திரண்டு வருடமாக வலமிருந்து இடமாக அடிக்கிறார்.
வாசிக்கத் தெரியாது.
எழுத்தின் உருவம் தெரியும், சாவியின் இடம் தெரியும்,
எந்த மனுவுக்கு எந்த மாதிரி, எவ்வளவு கட்டணம்.
பிழை இருந்தால் கண்ணில் உறுத்தும் என்பார்,
சட்டைப் பொத்தான் மாறிப் போட்டது மாதிரி.

வியாழன் இரவு மாசிலாமணி வந்தார்.
அறந்தாங்கிப் பக்கம். சஜ்ஜாவில் கம்பி கட்டுகிறார்.
"அஞ்சு மாசமா சம்பளம் தரலை."
யார் தரலை, என்றேன்.
விழித்தார். "தரலைம்மா."
நம் சொல்லும் அப்படித்தான்.
நான் தரலை, அவன் தரலை, அவங்க தரலை.
உள்ளே ஆளே இல்லை.

அப்பா மாதிரியைத் திறந்தார்.
கம்பெனியிடம் சம்பளம் கேட்டேன் என்று ஒரு வரி,
அதன் கீழே லம், பிறகு நாலு எழுத்து:
தே, தால், ஃபே, ஐன்.
முதலெழுத்தின் தலையில் சின்னச் சுழி வைத்தால்
கொடுக்கப்படவில்லை.
சாய்கோடு வைத்தால்
கம்பெனி கொடுக்கவில்லை.
மாதிரியில் இரண்டும் இல்லை.
ஓலையில் புள்ளி வைக்காமல் நாமும்தான் எழுதினோம்,
படித்தவன் தன் வசதிக்கு வைத்துக்கொண்டான்.

இந்த மாதிரியை யாருப்பா எழுதினது?
மாஃபி மாலூம், என்றார்.

மாதாமாதம் நாற்பது விசாவோடு வருகிறவர்
அதே கம்பெனியின் பி.ஆர்.ஓ.
அவர் குடித்த சுலைமானி கிளாஸ்
இன்னும் மேஜையில் இருந்தது, அடியில் எலுமிச்சை விதை.

ஷிஃப்டை அழுத்தி, அப்பா விரல் ஒருநாளும் போகாத சாவியில்
சாய்கோடு வைத்தேன்.
பக்கத்தில் கம்பெனியின் பெயர், முழுப் பெயர்,
எழுவாய் வேற்றுமையில்.

அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.
"பொத்தான் மாறியிருக்கே."
இல்லப்பா.
ஏசி கொஞ்ச நேரம் தனியாகப் பேசியது.
எவ்வளவுண்ணே, என்றார் மாசிலாமணி.
பதினைந்து என்றார் அப்பா. பிறகு வேண்டாம் என்றார்.
பிறகு அந்தக் கிளாஸை எடுத்துக்கொண்டு
கழுவப் போனார், வெகுநேரம் கழுவினார்.

அவர் திரும்பி வருவதற்குள்
பிரிண்ட் எடுக்கப்பட்டது.